ஒற்று மிகும் இடம்

செப்டம்பர் 4

பாப்பாவுக்கு,

போனை நீ எடுப்பதில்லை. அம்மா கூப்பிட்டால் எடுக்கிறாய். பக்கத்தில் நான் இருப்பது தெரிந்தால் உடனே "டவர் இல்லம்மா" என்று வைத்துவிடுகிறாய். நீ தங்கியிருக்கும் விடுதி நீதிமன்றத்துக்கு எதிர்த் தெருவில் இருக்கிறது. அங்கே டவர் இல்லையென்றால் வேறு எங்கேதான் இருக்கும்? அதனால் கடிதம். கடிதத்தையும் பாதியில் மடித்து வைக்கலாம்தான். ஆனால் அது மேஜை மேலேயே கிடக்கும்.

இங்கே எல்லாம் எப்போதும் போலத்தான். அச்சகத்தில் இந்த வாரம் முழுக்க மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுத்தாள்களைத்தான் மெய்ப்புப் பார்க்கிறேன். எறும்பு எறும்பாக எழுத்து. மூன்று மணிக்கு மேல் கண் எரிகிறது. ஒரு மாத்திரைக்கும் ஒன்றரை மாத்திரைக்கும் நடுவே நான் ஒருவன்தான் நிற்கிறேன் என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுத வந்தது ஒன்றுதான். வழக்கை விட்டுவிடு. நீ கிளம்பிய அன்று கத்திச் சொன்னதை இன்று மெதுவாகச் சொல்கிறேன். மூன்று வாய்தா ஆகிவிட்டது. சேர்க்கைக்குக் கடைசி நாள் இந்த மாதம் முப்பது. அதற்குள் அவர்கள் தீர்ப்புச் சொல்லி, நீ போய்ச் சேர்ந்து... நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. இந்த வருஷம் போனது போகட்டும், அடுத்த வருஷம் எழுதலாம்.

"நீங்க பயந்தாங்கொள்ளிப்பா" என்றாய். அப்படியே வைத்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா

—

செப்டம்பர் 9

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்ப வேண்டாம். பள்ளிச் சுற்றுலாவிலிருந்து நான் எழுதிய கடிதத்துக்கு அப்படித்தான் செய்தீர்கள். எட்டு வருஷமாகியும் மறக்கவில்லை.

காலை ஆறரைக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போகிறேன். குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற வேலை. பதினொன்றுக்கு விடுவார்கள். வழக்கு நாள் என்றால் அங்கிருந்து நேரே நீதிமன்றம். போன செவ்வாய் நம் வழக்கு பட்டியலில் அறுபத்து மூன்றாவது. ஐம்பத்தெட்டு வரை வந்தது, நீதிபதி எழுந்து போய்விட்டார். உட்கார இடம் கிடையாது. சுவரில் சாய்ந்தால் காவலர் வந்து "சாயாதம்மா, சுண்ணாம்பு ஒட்டும்" என்கிறார். அக்கறையாகத்தான் சொல்கிறார். அன்றைக்கு அவரிடம்கூட எரிந்து விழுந்தேன்.

விட்டுவிடு என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! மூன்று வருஷம் பரீட்சை எழுதி, மூன்றாவது தடவையில் கிடைத்த இடம் அது. ஒதுக்கீட்டு ஆணையை அம்மா தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். சேரப் போன அன்று என்ன நடந்தது என்று உங்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. சான்றிதழ் சரிபார்த்தவர் விண்ணப்பத்தையும் மதிப்பெண் சான்றிதழையும் பக்கம் பக்கமாக வைத்தார். விண்ணப்பத்தில் என் பெயருக்கு நடுவே ஒரு 'ச்' இருந்தது. சான்றிதழில் அது இல்லை. "ரெண்டும் ஒரே ஆளுதான்னு ஸ்கூல்ல எழுதி வாங்கிட்டு அஞ்சு மணிக்குள்ள வாங்க" என்றார். பள்ளிக்கூடம் நானூறு கிலோமீட்டர் தள்ளி. மணி அப்போது ஒன்றே கால். ஐந்து மணிக்கு ரத்து. மறுநாள் காலை அந்த இடம் வரிசையில் அடுத்து நின்ற பெண்ணுக்குப் போய்விட்டது.

நீங்களும் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். நான் அழுதேன், கெஞ்சினேன். அவர் மேஜையைத் தட்டக்கூடச் செய்தேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டுத்தாளில் புள்ளி விட்டால் முதலாளியையே வாங்கு வாங்கென்று வாங்குகிறவர், பெற்ற பெண்ணுக்காக வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது வக்கீலம்மா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். நம் தெருமுனை சேவை மையத்தில்தானே விண்ணப்பம் அடித்தோம்? அந்த மையத்துக்கு உரிமம் கொடுத்தது தேர்வுக் குழு. அவர்கள் ஆள் செய்த தட்டச்சுப் பிழைக்கு மாணவியைத் தண்டிக்க முடியாது என்று வாதாடப் போகிறார். மையத்து அக்காவை ஐந்தாம் எதிர்மனுதாரராகச் சேர்த்தாயிற்று. சான்றிதழில் உள்ளபடி அடிக்கத்தான் கொடுத்தோம், அவர் கவனக்குறைவால் எழுத்து மாறிவிட்டது என்று நான் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாவம்தான். ஆனால் எனக்காக யார் பாவம் பார்த்தார்கள்?

என் இடத்தில் சேர்ந்த பெண் நான்காம் எதிர்மனுதாரர். நீதிமன்றத்துக்கு வகுப்பிலிருந்து நேரே வருகிறாள், வெள்ளை அங்கியைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு. நான் பார்த்துவிடக் கூடாதென்று திணிக்கிறாள் என்று நினைக்கிறேன். அங்கியின் கை மட்டும் வெளியே தொங்குகிறது.

இருபத்தெட்டாம் தேதி விசாரணை. விட மாட்டேன்.

உங்கள் மகள்

—

செப்டம்பர் 13

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தில் பிழை எதுவும் இல்லை.

நேற்று மதிய இடைவேளையில் சேவை மையத்துப் பெண் அச்சகத்துக்கு வந்தாள். நீதிமன்ற நோட்டீஸைப் பாலிதீன் உறைக்குள் போட்டு, கசங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். "சார், இது என்ன சொல்லுதுன்னே புரியல. நீங்கதான் எழுத்து படிக்கிறவர், படிச்சுச் சொல்லுங்க" என்றாள். என்னிடம் வந்து கேட்கிறாள், பார். நான் படித்தேன். "ஐந்தாம் எதிர்மனுதாரரின் பொறுப்பற்ற கவனக்குறைவால்" என்ற வரியை மட்டும் வேகமாகப் படித்துக் கடந்துவிட்டேன். அவள் கவனிக்கவில்லை.

"எனக்கு ஞாபகமே இல்ல சார். ஒரு நாளைக்கு நாப்பது ஃபார்ம் அடிக்கிறேன். நான்தான் தப்பா அடிச்சிருப்பேன். நீங்க பாத்துக் குடுத்தும் தப்பு போயிருக்குன்னா, கடைசி நேரத்துல நான்தான் எதையோ தட்டித் தொலைச்சிருக்கணும். பாப்பாவோட வாழ்க்கையே போச்சே. நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க சார்" என்றாள். உரிமத்தை நிறுத்திவைத்திருக்கிறார்களாம். மையத்தில் ஷட்டர் பாதி இறங்கிக் கிடக்கிறது, ஒளிநகல் மட்டும் எடுத்துக் கொடுக்கிறாள்.

நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

இன்னொரு விஷயமும் எழுதத்தான் உட்கார்ந்தேன். இடைவேளை முடிந்துவிட்டது.

அப்பா

—

செப்டம்பர் 15

பாப்பாவுக்கு,

முந்தாநாள் இடைவேளை முடியவில்லை. இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. பொய் எழுதினேன்.

அந்த 'ச்' நான் போட்டது.

நீ புகைப்படம் எடுக்கப் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தாய். அந்தப் பெண் சான்றிதழைப் பார்த்து, அதில் உள்ளபடியேதான் அடித்திருந்தாள். ஒரு தாளில் அச்செடுத்து "சரி பாத்துடுங்க சார்" என்று நீட்டினாள். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விட்டது. பெயருக்கு நடுவே கோடு இழுத்து, ஓரத்தில் 'ச்' என்று எழுதினேன். "சர்டிஃபிகேட்ல இப்படித்தானே சார் இருக்கு?" என்று கேட்டாள். கேட்டாள், பாப்பா. "அதை அடிச்சவனுக்குத்தான் தமிழ் தெரியல, உனக்குமா தெரியாது?" என்றேன். சிரித்துக்கொண்டே போட்டுவிட்டாள்.

அந்தப் பெயரை உனக்கு நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஒன்றாம் வகுப்புப் பதிவேட்டிலேயே அந்த ஒற்றை முழுங்கிவிட்டார்கள். இரண்டு முறை பள்ளிக்கு எழுதினேன். "ஒரு புள்ளி வச்ச எழுத்துல என்ன சார் வந்துடப் போகுது?" என்றார் தலைமையாசிரியர். அது வருஷக்கணக்காக உள்ளே கிடந்து அரித்திருக்கிறது. உன் பெயர் எங்கேயாவது ஒரு இடத்திலாவது சரியாக இருக்கட்டும் என்று போட்டேன். அது உன் இடத்தைப் பிடுங்கும் என்று தோன்றவே இல்லை. இதைச் சொன்னால் சாக்குப் போல இருக்கிறது. சாக்குத்தான்.

அன்று அந்த அதிகாரி இரண்டு தாளையும் பக்கம் பக்கமாக வைத்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் வாய் வரவில்லை. உனக்காகப் பேசாமல் இருக்கவில்லை. எனக்காகப் பேசாமல் இருந்தேன். வழக்கை விடச் சொன்னதும் அதற்காகத்தான்.

நான் திருத்திய தாள் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன். ஓரத்தில் இருப்பது என் கையெழுத்து. வக்கீலம்மாவிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம்.

அம்மாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். "உங்க தமிழைக் கொண்டுபோய்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

அப்பா

—

செப்டம்பர் 18

கிடைத்தது.

இப்போது எதுவும் எழுத முடியவில்லை.

—

செப்டம்பர் 20

அப்பாவுக்கு,

இரண்டு நாள் அந்தத் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தேன். வேலையில் இரண்டு குழாய்களில் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். நல்லவேளையாக மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். யாருக்கோ இல்லாத வியாதி வந்திருக்கும்.

யோசித்தால் எனக்கே தெரிந்திருக்க வேண்டும். அவசரமாக அடிக்கிறவர்கள் எழுத்தை விடுவார்கள். இல்லாத ஒற்றைத் தேடிப் பிடித்து உட்கார வைக்க நம் வீட்டு ஆளால்தான் முடியும். எனக்கு அது உறைக்கவில்லை. உறைக்க வேண்டாம் என்று இருந்தேனோ என்னவோ. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடைசி அச்சில் கையெழுத்துப் போடும்போது நான் படிக்கவே இல்லை. அந்த அக்கா "ஒரு தடவை படிச்சிடும்மா" என்றாள். "எங்கப்பா பாத்தாச்சுல்ல?" என்று போட்டுவிட்டேன்.

எழுத்துக்காக எனக்குக் கோபம் இல்லை. சத்தியமாக இல்லை. நீங்கள் சும்மா இருந்ததற்குத்தான் கோபம். ஒரு மாதத்துக்கு மேல் அந்தத் தாளை இழுப்பறையில் பூட்டி வைத்துக்கொண்டு, நான் ஒரு அப்பாவி மேல் பழி எழுதிச் சத்தியம் செய்கிறவரை விட்டுவிட்டீர்கள். அந்த அக்கா உங்களிடம் வந்து மன்னிப்புக் கேட்கிறாள். நீங்கள் தண்ணீர் கொடுக்கிறீர்கள்!

வக்கீலம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதை நான் பார்க்கல. நீயும் பார்க்கல. கவரை ஒட்டிடு" என்றார். தவறு நம் வீட்டு ஆளுடையது என்று தெரிந்தால் வாதமே விழுந்துவிடும் என்கிறார். "டாக்டர் ஆகணுமா, அரிச்சந்திரன் ஆகணுமா, வீட்ல பேசி முடிவு பண்ணு" என்றார். கெட்டவர் இல்லை. எனக்காக ஒவ்வொரு வாய்தாவுக்கும் காலையிலிருந்து காத்துக்கிடக்கிறார்.

கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னப்பா விருப்பம்? கொடுத்தால் என் இடத்தை நானே கெடுத்துக்கொள்ள வேண்டும். கொடுக்காவிட்டால் தெரிந்தே பொய் சொன்னவள் ஆகிவிடுவேன். தவறு உங்களுடையது, அதைத் திருத்துகிற வேலையும் என் தலையிலா? என்னால் முடியாது. எனக்கு அந்த இடம் வேண்டும். இன்னமும் வேண்டும். கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை, கிழிக்கவும் கை வரவில்லை.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் கையெழுத்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

—

செப்டம்பர் 24

பாப்பாவுக்கு,

நீ சொன்னது சரி. அதை உன்னிடம் தள்ளிவிட்டிருக்கக் கூடாது.

இருபத்தெட்டாம் தேதி நான் வருகிறேன். தாளை நானே கொண்டுவருகிறேன். நீ எதுவும் செய்ய வேண்டாம். வக்கீலம்மாவிடம் நான் வருவதைச் சொல்லவும் வேண்டாம். சொன்னால் உன்னைத்தான் திட்டுவார்.

இதனால் உன் இடம் போனாலும் போகும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வருகிறேன். உனக்கு நான் செய்த முதல் கெடுதல் தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்வது. அதற்கு என்னை நீ எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வெறுத்துக்கொள். ஆனால் அந்தப் பெண் இன்னொரு தடவை வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டால் நான் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. அதைவிட, உன் சத்தியத்தில் பொய் இருக்கக் கூடாது.

மையத்துப் பெண்ணிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "நான் கேட்டேன்ல சார், அன்னிக்கே கேட்டேன்ல?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். அன்று சாயங்காலமே திரும்பிவிடுவேன். நீ என்னிடம் பேச வேண்டியதில்லை.

அப்பா

—

அக்டோபர் 19

அப்பாவுக்கு,

தீர்ப்பு இன்று வந்தது. அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன், நீங்களும் பக்கத்தில் இருந்து கேட்டிருப்பீர்கள். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. இந்தத் தடவை நான் போனை வைக்கவில்லை, கவனித்தீர்களா?

மனு தள்ளுபடி. மொத்தம் ஏழு பக்கம். ஒரு எழுத்துக்காக இடத்தை ரத்து செய்தது அநியாயம், மாணவி யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை, நான்கு மணி நேர அவகாசம் கேலிக்கூத்து என்று தேர்வுக் குழுவை ஐந்து பக்கத்துக்கு விளாசியிருக்கிறார் நீதிபதி. படிக்கப் படிக்க எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். ஆறாம் பக்கத்தில், ஆயினும் சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது, எந்தத் தவறும் செய்யாத ஒரு மாணவி அந்த இடத்தில் படித்துக்கொண்டிருக்கிறாள், ஆகவே இந்த நீதிமன்றத்தால் எதுவும் செய்ய இயலவில்லை என்று வருகிறது.

பிழை யார் கையால் நேர்ந்தது என்பது இம்மனுவைத் தீர்மானிக்கத் தேவையற்றது என்றும் நடுவில் ஒரு வரி. நீங்களும் நானும் ஒரு மாதம் அடித்துக்கொண்ட விஷயம் தீர்ப்பில் ஒன்றரை வரிதான், அப்பா. நீங்கள் வந்திருக்காவிட்டாலும் இதே தீர்ப்புத்தான் வந்திருக்கும் என்று வக்கீலம்மா சொல்கிறார். அதாவது அந்த அக்காவை இழுத்துவிட்டிருக்கவே வேண்டியதில்லை. அவருக்கு எதிரானதை எல்லாம் நீக்கிவிட்டார்கள். உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கவும் சொல்லியிருக்கிறார்கள்.

வக்கீலம்மா மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது என்றார். நான் தாழ்வாரத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நான்காம் எதிர்மனுதாரர் பக்கத்தில் வந்து, "அக்கா, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல" என்றாள். இரண்டு மாதமாக அவள் பெயரைத் தாளில் பார்த்திருக்கிறேன், குரலைக் கேட்டதில்லை. "ஒண்ணும் சொல்ல வேணாம். கிளம்பு, கிளாஸுக்கு நேரமாச்சு" என்றேன். நல்லபடியாகச் சொல்லவில்லை, வெடுக்கென்றுதான் சொன்னேன். மேலே போனால் இவளைத்தான் எழுப்பிவிட வேண்டும். மேல்முறையீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை. எனக்கு அலுத்துவிட்டது.

நாலாவது தடவை எழுதுவாயா என்று கேட்காதீர்கள். தெரியாது. ஆசை விட்டுப்போயிருந்தால் நிம்மதியாக இருக்கும். விடவில்லை.

நீங்கள் வந்த அன்று நான் கடைசி வரிசையில் இருந்தேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நீதிபதி உங்களிடம், "இருபத்தாறு வருஷமா இந்த வேலை பாக்கறீங்க, இதுக்கு முன்னாடி தப்பு விட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். "இதுலயும் தப்பு விடலீங்கய்யா. சரியாத்தான் திருத்தினேன். அதான் தப்பாப் போச்சு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதியும் சிரித்தார். எனக்கு மட்டும் அந்த இடத்திலேயே எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது, சிரிக்காதீங்க, அவர் எங்கப்பா என்று.

அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதை யாரும் சரியாகக் கேட்டார்களா தெரியவில்லை. "என் பொண்ணுக்கு இது தெரியாதுங்க. தெரியாமத்தான் கையெழுத்துப் போட்டுச்சு" என்றீர்கள். வக்கீலம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் வெளியே ஓடிவந்தேன். நீங்கள் கேட் தாண்டி பஸ் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தீர்கள். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அன்றைக்கு உங்களுக்கு வாய் வரவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

கோபம் இன்னும் போகவில்லை. அதையும் எடுத்துக்கொண்டுதான் வருகிறேன், ஞாயிற்றுக்கிழமை. பஸ் நிலையத்துக்கு வந்து நிற்க வேண்டாம். நின்றால் வழி முழுக்க மன்னிப்புக் கேட்பீர்கள், எனக்கு அழுகை வந்துவிடும், இரண்டு கையிலும் மூட்டையை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் அழ முடியாது. வீட்டிலேயே இருங்கள். நான் வந்துவிடுகிறேன்.

பாப்பா